இந்த விளக்கை யார் ஏற்றுவார்கள்?

டோக்கியோவின் கிழக்குப் பக்கம், நிஷிகசாய் என்கிற பகுதியில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். புளியும் பெருங்காயமும் நடந்து போகிற தூரத்திலேயே கிடைக்கும். கிடைக்காதது மண்தான். பால்கனியில் ஒரு பாயை விரித்தால் அதோடு இடம் தீர்ந்தது. அந்தப் பால்கனியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். 36 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், நாலு விரல் ஆழம். தொகொநாமே ஊர் மண்ணில் செய்து, மெருகு பூசாமல் சுட்டது. அதற்குள் ஒரு மலைச்சரிவு, மணலால் ஆன ஓர் ஓடை, ஒரு மரம், ஒரு கல்விளக்கு. அந்த ஒரு விளக்கில் வந்து நிற்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. நடுவில் நான் வாங்கிச் சேர்த்த பொம்மைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தட்டுத் தோட்டம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பெட்டியை வாங்காமல் தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொம்மை சேர்க்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில் கடைசிப் படிக்குக் கீழே பார்க் அமைப்பது என் வேலை. நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே மணலில் கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்கவிடுவோம். முகம் பார்க்கிற கண்ணாடிதான் குளம். குளத்தில் ஒரு வாத்து, கரையில் வாத்தைவிடச் சின்னதாக ஒரு வீடு, வீட்டைவிடப் பெரியதாக ஒரு கிளி. யாருக்கும் அது உறுத்தியதில்லை. கொலுவுக்கு வருகிற பொம்மை விருந்தாளி மாதிரி. எத்தனை வந்தாலும் தள்ளி உட்காரச் சொல்லி இடம் கொடுப்போம். அதே கையோடு ஜப்பானியத் தட்டுத் தோட்டத்தில் இறங்கினேன்.

ஜப்பானில் இதற்குப் பல பெயர்கள். பெட்டிக்குள் அமைத்தால் ஹகோனிவா. தட்டில் ஒரு நிலக்காட்சியாக எழுப்பினால் பொன்கெய். உயிருள்ள சிறு மரங்களை வைத்துக் காடும் மலையுமாகச் செய்தால் சாய்கெய். அதில் வைக்கும் குட்டி உருவங்களுக்குத் தெம்பாய் என்று பெயர். துணைக்கு வைப்பது என்று பொருள் கொள்ளலாம். இந்தப் பெயரை முதல் நாளே யாராவது எனக்கு விளக்கியிருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும். துணைக்கு வருவது எப்போதும் ஒருவருக்குத் துணையாக வருவதுதான். நானோ துணைகளை மட்டும் வாங்கிக் குவித்தேன்.

என் முதல் தட்டில் இருந்தவை: ஆறு செ.மீ. உயரத்தில் ஒரு கல்விளக்கு, சிவப்பு வளைவுப் பாலம், கோயில் முகப்பில் நிற்கிற சிவப்பு தோரி வாசல், ஐந்தடுக்குக் கோபுரம், குடை பிடித்த பெண், ஒரு தவளை, சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய இரண்டு ஜிசோ சிலைகள். சில 110 யென் கடையில் வாங்கியவை, சில கோயில் வாசல் கடைகளில். மரம் என்று ஒரு சின்ன ஷிம்பாகு ஜூனிபர் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

எங்கள் வார்டின் சமூகக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை தட்டுத் தோட்ட வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் எண்பது வயதை நெருங்குகிற ஒரு பெரியவர். எல்லோரையும் போல நானும் சென்செய், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவேன். தட்டைச் சைக்கிள் கூடையில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. விளக்கைச் சுட்டு விரலால் தொட்டு, "இந்த விளக்கை யார் ஏற்றுவார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. என் ஜப்பானிய மொழிதான் காரணமோ என்று நினைத்து, திரும்பச் சொல்லச் சொன்னேன். அதையே சொன்னார். பிறகு அடுத்தவர் தட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும்போது அந்தக் கேள்வி மறுபடி வந்தது. அந்தத் தட்டில் விளக்கை ஏற்ற ஒருவர் வர வேண்டும். வர ஒரு வழி வேண்டும். என் விளக்கைச் சுற்றிப் பாசியும் கல்லும்தான், கால் வைக்க இடமில்லை. வந்தாலும் அவர் எவ்வளவு உயரம்? தட்டில் இருந்த ஒரே ஆள் குடை பிடித்த பெண், இரண்டு செ.மீ. விளக்கு ஆறு செ.மீ. ஏணி போட்டால்கூட அவளுக்கு எட்டாது. ஏற்றிவிட்டாள் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த வெளிச்சம் எதன்மேல் விழும்? விளக்கு முகம் தட்டின் ஓரத்தைப் பார்த்து நின்றது. வெளியே விழுந்து வீணாகப் போகிற வெளிச்சம்.

அன்றைக்கே எல்லாப் பொம்மைகளையும் எடுத்துவிட்டேன். மரமும் பாசியும் மட்டும் இரண்டு மாதம் இருந்தன. யாருக்கும் நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: மண்ணும் கல்லும் மரமும் வைத்து முடித்து, பாசி பிடித்து, கொஞ்ச நாள் வெறுமனே பாருங்கள். அதற்குப் பிறகு பொம்மை வாங்கப் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தப்பையும்விட இதுதான் தட்டைக் கெடுக்கும். கடையில் விற்கிற உருவங்களுக்குள் ஒரே அளவு இருக்காது. ஒரே அட்டையில் ஒட்டி விற்கிற விளக்குக்கும் பாலத்துக்குமே பொருத்தம் இருக்காது. அதனால் நான் மரத்திலிருந்து தொடங்குகிறேன். என் ஜூனிபர் 14 செ.மீ. அதை நிஜத்தில் ஏறத்தாழ 11 மீட்டர் மரமாக நினைத்துப் பார்த்தால் எண்பதில் ஒரு பங்கு. அப்படியானால் 165 செ.மீ. உள்ள மனிதர் இரண்டு செ.மீ.க்கு ஒரு நூல் கூட. கோயில்களில் நெட்டையாக நிற்கும் கசுகா வகை விளக்கு ஆறு ஷாகு, அதாவது 180 செ.மீ. அளவில் இருந்தால், தட்டில் அது இரண்டேகால் செ.மீ. நீர்க்கரையில் குட்டையாக உட்காரும் யுகிமி விளக்கு இரண்டு ஷாகு என்றால், தட்டில் ஒரு செ.மீ.கூட வராது. என் ஆறு செ.மீ. விளக்கு நிஜத்தில் நாலே முக்கால் மீட்டர். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல்!

கோபுரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இன்னும் திகைத்தேன். கியோத்தோவில் தோஜி கோயிலின் ஐந்தடுக்கு மரக் கோபுரம் ஏறக்குறைய 55 மீட்டர். 1644இல் திரும்பக் கட்டியது. ஜப்பானின் மரக் கோபுரங்களில் அதுதான் மிக உயரம். என் கணக்கில் அது தட்டில் 68 செ.மீ. நிற்க வேண்டும். நான் வைத்ததோ எட்டு செ.மீ. தோட்டங்களில் மூன்று நாலு ஆள் உயரத்துக்கு நிற்கும் கல் அடுக்குக் கோபுரம் என்றால் அந்த அளவு சரி. ஆனால் என்னுடையது ஓடு வேய்ந்த மரக் கோபுரத்தின் அச்சு, சன்னலும் கைப்பிடியும் தெரிகிறது. கண் அதை உடனே பிடித்துவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று சொல்லும்.

மாதிரி ரயில்கள் விற்கும் கடைகள் இந்த ஊரில் ஏராளம். அங்கே 150இல் ஒரு பங்கு, 80இல் ஒரு பங்கு என்று அளவு அச்சிட்டே விற்பார்கள். உருவம் வாங்குகிறோமோ இல்லையோ, கண்ணுக்குப் பழக அங்கே போய்ப் பார்ப்பது நல்லது. 150 கணக்கில் மனிதர் 11 மில்லிமீட்டர்தான். அவரைத் தட்டின் பின்பக்கம், குன்றின் தோளில் வைத்தால் தட்டே இரண்டு மடங்கு ஆழமாகிவிடும். பெரியது முன்னால், சின்னது பின்னால் என்பதை மட்டும் மாற்றக் கூடாது. மணலுக்கும் இதே கதைதான். முன்பக்கம் கொஞ்சம் பருமணல், போகப்போக நைசு.

இனி விளக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியத் தோட்டம் என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது இதற்குத்தான். கல்விளக்கு முதலில் தோட்டத்துக்கென்று உண்டான பொருள் அல்ல. கோயிலில் புத்தருக்கு ஏற்றிய காணிக்கை விளக்கு. நாரா நகரின் கசுகா தைஷா கோயிலில் கல்லும் தொங்குவதுமாக மூவாயிரம் விளக்குகள் இருக்கின்றன. வருடத்தில் பிப்ரவரியில் ஒருமுறை, ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். திருக்கார்த்திகை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இரவைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேநீர்ச் சடங்கு ஆசான்கள்தான் இந்தக் கோயில் விளக்கைத் தங்கள் தோட்ட நடைபாதைக்குக் கொண்டுவந்தார்கள். இரவில் தேநீர் அருந்த வருகிற விருந்தாளி தடுக்கி விழாமல் நடக்க வேண்டும் என்பதற்காக. சென்செய் கேட்ட கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது. தோட்டத்து விளக்கு யாரோ ஒருவர் நடந்து வருவதற்காக வைத்தது.

அதனால் எந்த விளக்கு என்பதை இடம்தான் சொல்ல வேண்டும். யுகிமி என்றால் பனி பார்ப்பது. கால்கள் விரிந்து, குடைபோல் அகன்ற கூரையோடு, நீரோரம் தாழ்ந்து இருக்கும். பனி பெய்தால் அந்தக் கூரையில்தான் அழகாகத் தங்கும். உங்கள் தட்டில் ஓடையோ குளமோ இருந்தால் இது. கசுகா விளக்கு நெட்டை. சுடர் வைக்கும் கூட்டில் மான் செதுக்கியிருக்கும், ஒரு பக்கத் துளை சூரியனாகவும் ஒரு பக்கத் துளை பிறையாகவும் இருப்பது உண்டு. அது கோயில் வழிக்கு உரியது, பெரிய மரத்தின் அடியில் நிற்க வேண்டும். ஒரிபே விளக்கு, தேநீர் ஆசான் ஃபுருதா ஒரிபேயின் பெயரைத் தாங்கியது. அதற்கு அடிக்கல் கிடையாது, தண்டு நேராக மண்ணில் இறங்கும். கை கழுவும் கல்தொட்டியின் பக்கத்தில் வைப்பார்கள். இந்த ஒன்றை வாங்கி அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து நிறுத்தினால் தெரிந்தவர்கள் கண்ணில் உடனே படும். கனாசாவாவில் கென்ரோகுஎன் தோட்டத்துக் குளக்கரையில் இரண்டு கால் விளக்கு ஒன்று உண்டு, கொதொஜி என்பார்கள். ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் கரைக் கல்லில். அதன் குட்டி வடிவம் நினைவுப் பொருளாக விற்கிறது. என் தோழி அதை வாங்கி இரண்டு காலையும் பாசியில் ஊன்றியிருந்தாள். ஒரு காலை மணல் ஓடைக்குள் இறக்கி வைத்தோம். விளக்கு அப்போதுதான் குளத்தைப் பார்த்தது.

இன்னொன்று, முழு விளக்கும் தெரியக் கூடாது. பழைய தோட்டக்காரர்களிடம் விளக்குக்கு முன்னால் ஒரு கிளையை நீட்டிவிடும் வழக்கம் உண்டு. அதற்கென்று நடும் மரத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது. சுடர் இலைக்குப் பின்னால் மினுங்க வேண்டும், அப்போதுதான் இரவு. என் தட்டில் ஜூனிபரின் தாழ்ந்த கிளை ஒன்றைக் கம்பி கட்டி ஒரு செ.மீ. இறக்கினேன். விளக்கின் கூரை பாதி மறைந்தது. இப்போது பார்க்கிறவர்கள் விளக்கைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததும் முகம் மாறுகிறது. வீட்டுக்கு வரும் குழந்தைகளிடம் இதை நன்றாகப் பார்க்கலாம்.

பாலத்துக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி: எங்கேயிருந்து எங்கே போகிறது? இரண்டு முனையும் கரை தொட வேண்டும், தொட்ட இடத்தில் ஒரு வழி தொடங்க வேண்டும். மணல் ஓடைமேல் போடலாம், மணல்தானே தண்ணீர். ஆனால் சிவப்பு வளைவுப் பாலம் கோயிலையும் பெரிய பிரபுக்களின் தோட்டத்தையும் கொண்டுவந்துவிடும். என்னுடையது ஆளரவமற்ற மலைச்சரிவு. அங்கே ஒரு சின்னக் கற்பலகை போதும். அது எனக்கு ஒரு கட்டட வேலை நடந்த தெருவோரம் ஓசியில் கிடைத்தது.

ஜிசோ பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. உருண்டை முகம், மூடிய கண், லேசான சிரிப்பு. பார்த்ததும் வாங்கத் தோன்றும். நானும் அந்த முகத்துக்காகத்தான் வாங்கினேன். எதிர் வீட்டு ஒபாசான், நம் மொழியில் மாமி, ஒருநாள் தக்காளி கொடுக்க வந்தவர் தட்டைப் பார்த்தார். முதலில் அவர் செய்தது, கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரல் உயரத்தில் இருந்த அந்தச் சிலைகளுக்குக் கை கூப்பியது. ஒரு நொடிதான். பிறகு நிமிர்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். ஜிசோ வழிப்போக்கர்களைக் காப்பவர். குழந்தைகளைக் காப்பவர். பிறக்காமலும் பிறந்தும் போய்விட்ட குழந்தைகளுக்காகத் தாய்மார்கள் அவருக்குச் சிவப்புத் துணி கட்டுகிறார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அவர் யாரை நினைத்துக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

நம் வீட்டில் பிள்ளையாரைத் தவளைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி என்று வைப்போமா? ஜப்பானிலும் பலர் ஜிசோவைத் தோட்டத்தில் ஆசையாக வைக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஜிசோ யார் என்று தெரிந்து வைக்க வேண்டும். தோரி வாசலும் அப்படித்தான். அதற்கு அந்தப் பக்கம் தெய்வத்தின் இடம் தொடங்குகிறது என்று அர்த்தம். என் தட்டில் தோரியைத் தாண்டினால் தவளை இருந்தது. வெள்ளை நரிகள் இனாரி தெய்வத்தின் தூதர்கள். இதெல்லாம் அலங்காரத்துக்கு என்று அட்டையில் போட்டு விற்கிற பொருள்தான். இருந்தாலும் வாங்கும் முன் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். இப்போது என்னிடம் ஒரே ஒரு ஜிசோ இருக்கிறார். தட்டில் இல்லை, பால்கனிக் கதவோரம் தனியாக, ஒரு கல்லின் மேல். ஒபாசான் வரும்போது அங்கே ஒரு நிமிடம் நிற்பார்.

எதனால் செய்தது என்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். பிசின் வார்ப்பில் வரும் பொம்மைகள் முதலில் பிரமாதமாக இருக்கும். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. ஒரே கோடையில் சிவப்புப் பாலம் வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. சிமெண்டில் வார்த்த விளக்கு மழையில் நனைந்து காய்ந்ததும் உப்புப் பூத்தாற்போல் வெள்ளை கட்டியது, சுற்றியிருந்த பாசி மஞ்சளானது. பாசிக்கு லேசான புளிப்பு மண் பிடிக்கும், சுண்ணாம்பு பிடிக்காது. சிமெண்டு வேண்டுமென்றால் வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டுவிட்டு வையுங்கள். சுட்ட மண் நல்லது, மெருகு இல்லாததாகப் பார்த்து வாங்கினால் பாசி தானே ஏறும். குளிர்ப் பிரதேசத்தில் மட்டும் எச்சரிக்கை. உறிஞ்சிய தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும். புதுப் பளபளப்பைப் போக்கத் தயிர் பூசச் சொல்வார்கள். பூசினேன். பாசி வரவில்லை, சாம்பல் பூஞ்சைதான் வந்தது, வாடை வேறு. கெதோ என்கிற கறுப்புக் களிமண்ணில், காயவைத்துப் பொடித்த பாசியைக் கலந்து மெல்லிசாகப் பூசி நிழலில் வைத்ததுதான் பலித்தது. அதுவும் அவசரப்பட்டால் நடக்காது. எனக்கு ஒரு மழைக்காலமும் ஓர் இலையுதிர்காலமும் பிடித்தன.

வெண்கலம்தான் தெம்பாய்களில் உயர்ந்த ஜாதி. தோயாமா மாநிலத்தில் தகாஓகா என்றோர் ஊர். 1611இல் மாஎதா தொஷினாகா என்ற பிரபு ஏழு வார்ப்பாளர்களை அழைத்துவந்து குடியமர்த்தியதிலிருந்து இன்றுவரை வெண்கல வார்ப்புக்குப் பேர்போனது. சுவாமிமலை மாதிரி என்று வையுங்கள். சைத்தாமாவில் ஓமியா போன்சாய் கிராமம் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்த போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிப் போய் 1925இல் அமைத்தது. ஒவ்வொரு வருடமும் மே 3 முதல் 5 வரை அங்கே தெருவெல்லாம் சந்தை. நான் அங்கேதான் என் படகை வாங்கினேன். ஒரு பெரியம்மா கறுப்புத் துணியில் தெம்பாய்களைப் பரப்பி வைத்திருந்தார். நான் படகைக் கையில் எடுத்ததும் விலையைச் சொல்லவில்லை, "மரம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். 14 என்றேன். என் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து என் கண் மட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். ஐந்து செ.மீ. பலகைகளின் மூட்டு வரி தெரிந்தது. துடுப்பு ஊசி கனத்தில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது, பிடிக்கும் இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்தாற்போல வார்த்திருந்தார்கள். படகில் ஆள் இல்லை. இப்போதுதான் யாரோ இறங்கிப் போயிருக்கிறார். 2,800 யென். என் பெட்டியில் இருந்ததையெல்லாம் கூட்டினால் இதைவிட அதிகம் செலவழித்திருக்கிறேன்.

அந்தப் படகிலும் ஒன்று கற்றுக்கொண்டேன். கரையோரப் பாசியில் ஏற்றிக் கட்டிவைத்தது போல் வைத்திருந்தேன். ஜூன், ஜூலையில் விடாத மழை. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் படகு இருந்த இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பாசி பழுப்பாகக் கருகியிருந்தது. சென்செய்யிடம் காட்டினேன். வெண்கலத்தில் இருக்கிற செம்பு பாசிக்கு ஆகாது என்றார். செப்புக் கூரை போட்ட கோயில்களில் தண்ணீர் சொட்டும் கோட்டில் பாசி பிடிக்காமல் இருப்பதைப் போய்ப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. இப்போது படகு மணலில்தான் இருக்கும். பாசிமேல் வைத்தே ஆக வேண்டிய உருவம் என்றால் அடியில் அதைவிட அகலமாக ஒரு கற்சில்லு.

சீன உருவங்களையும் கடைகளில் கலந்துதான் வைத்திருப்பார்கள். பச்சையும் நீலமுமாக மெருகு பூசிய அங்கி, தொப்பி, கையில் தூண்டிலோ சதுரங்கப் பலகையோ இருக்கும். குவாங்தோங்கின் ஷிவான் பகுதி மண் பொம்மைகள். சீனத் தட்டுக் காட்சிகளில் அவை பிரமாதமாக அமரும். அது வேறு பேச்சு. ஒரே தட்டில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒரு பொம்மை வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் நான் செய்கிற இரண்டு காரியம் உண்டு. தட்டின் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஆட்காட்டி விரலால் அந்தப் பொம்மையை மறைத்துப் பார்ப்பேன். மறைத்ததும் தோட்டம் நிம்மதியாகத் தெரிந்தால் பொம்மை வெளியே போக வேண்டும். ஏதோ குறைகிறதே என்று இருந்தால் இருக்கட்டும். மற்றது, போனை மணலோடு மணலாகக் கிடத்தி, பொம்மையின் கண் உயரத்தில் ஒரு படம் எடுப்பேன். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத பொய்யெல்லாம் அந்தப் படத்தில் வந்துவிடும். பெயிண்ட் வழிந்தது, அடிப்பாகத்து வார்ப்புக் கோடு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது எல்லாமே. வாங்கும் முன்பே கடையில் இப்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

என் தட்டின் அளவுக்கு ஒன்றுதான் சரி. இரண்டு வைத்தால் அவை ஒன்றுக்கொன்று உறவாக இருக்க வேண்டும். விளக்கும் கல்தொட்டியும், படகும் கரைக் கல்லும். உறவில்லாத இரண்டு சேர்ந்தால் கண் ஊஞ்சலாடும். பல இருந்தால் மாற்றி மாற்றி வையுங்கள், அதற்குத்தான் பருவம் இருக்கிறது. எனக்குக் கோடையில் படகு. நிலவு பார்க்கும் செப்டம்பரில் எதுவும் இல்லை, மணலை மட்டும் முள்கரண்டியால் வட்டமாக வாரிவிடுவேன். குளிர் தொடங்கியதும் விளக்கு. அடியில் துளையிட்டு இரண்டு செ.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒட்டியிருக்கிறேன், அதை மண்ணில் செருகினால் பால்கனிக் காற்றுக்கு அசையாது. செப்புக் கம்பி வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். புயல் அறிவிப்பு வந்தால் தட்டோடு உள்ளே தூக்கிவிடுங்கள். ஆறாவது மாடியிலிருந்து ஒரு சின்னக் கல்விளக்கு பறந்தாலும் கீழே போகிறவருக்கு ஆபத்து.

வீடியோவில் அம்மாவிடம் தட்டைக் காட்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏண்டி, ஒத்தையா ஒண்ணை வெச்சிருக்கே? இங்க ஒரு பெட்டி பொம்மை கிடக்கே, எடுத்துண்டு போயிருக்கலாமே." இந்த வருடம் அவர்களே, பார்க்கில் வைக்க அந்த மாதிரி ஒரு விளக்கு வாங்கி அனுப்பச் சொன்னார்கள். கேழ்வரகு முளைத்து ஐந்து செ.மீ. வரும். அதை நாலு மீட்டர் மரம் என்று வைத்தால் அதே எண்பதில் ஒரு பங்குதான். இரண்டேகால் செ.மீ.யில் ஒரு கசுகா விளக்கு, சுட்ட மண், மெருகு இல்லாதது. பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குளத்தின் கரையில், வீட்டு வாசலைப் பார்த்து வைக்கும்படி ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டேன். கிளியைத் தள்ளி வைக்கச் சொல்லியும் ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். அது பாட்டி வாங்கிய கிளி.